மெரினா குதிரைகளும் லாடம் அடிக்கும் பாயும்

சென்னையில் குதிரையை வைத்துப் பிழைப்பவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதே அபூர்வம். கிண்டிப் பந்தயக்காரர்கள் ஒரு பக்கம், புதுப்பேட்டை போலீஸ் குதிரைப்படை ஒரு பக்கம். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் சவாரிக் குதிரைகள். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி வாடகைக்கு விடுபவர்கள், ஈ.சி.ஆர். பக்கம் ரைடிங் ஸ்கூல் நடத்துபவர்கள், 1903-ல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி. எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள். ஆனாலும் இவர் அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்பதில்லை. குதிரைகள் மட்டும்தான் இந்த இடங்களுக்கிடையே கைமாறிப் போய்க்கொண்டிருக்கின்றன.

பந்தயத்துக்கென்று வளர்க்கும் தரோபிரெட் குதிரை பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குள் ஓட்டத்தை முடித்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து வயதுவரை இருக்கும். நடுவில் உள்ள பதினைந்து, பதினெட்டு வருடத்துக்கு அது என்ன செய்யும்? கொடுத்து வைத்த குதிரை ரைடிங் ஸ்கூலுக்குப் போகும். மற்றது புரோக்கர் கைக்குப் போய், கல்யாண வண்டி இழுத்து, கடைசியில் கடற்கரைக்கு வரும். விற்கும்போது குதிரையோடு கூட வருவது கழுத்துக் கயிறு மட்டும்தான். எந்தக் காலில் பழைய காயம், தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது, என்ன தீனி சாப்பிட்டுப் பழக்கம், எதுவும் வராது.

நான் கால்நடை மருத்துவர். கிளினிக்கில் நாயும் பூனையும்தான் அதிகம். குதிரை வைத்தியம் கற்றுக்கொண்டது படித்து முடித்த புதிதில், பந்தய லாயங்களுக்குப் போய்வந்த ஒரு மூத்த டாக்டருக்கு உதவியாக இருந்தபோது. மெரினாக் குதிரைகள் என் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு வயிற்றுவலிக் கேஸில். ராத்திரி போன் வந்தது, போனேன். அப்புறம் அந்தப் பழக்கம் விடவில்லை.

கடற்கரைத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல குதிரைகளுக்குச் சொந்தக்காரர் ஒருவர், மணலில் பிடித்து நடப்பவர் வேறொருவர். பிடித்து நடக்கும் தம்பி சாயங்காலம் முதலாளிக்கு ஒரு தொகை கட்டவேண்டும், மிச்சம் அவனுக்கு. ஆகவே எத்தனை ரவுண்டு ஓடுகிறதோ அதுதான் அவன் கணக்கு. முதலாளியோ பகலில் குதிரையைப் பார்ப்பதே இல்லை. முதுகில் புண் வந்தால் முதலாளி, "பையன் சேணத்தை இறுக்கிட்டான்" என்பார். பையன் சேணம் சரியில்லை என்பான். சேணம் தைத்தவரைக் கேட்டால், "கொடுத்த காசுக்கு அதான் வரும்" என்பார். லாடம் அடிப்பவர், தீனிக் கடைக்காரர், ஒரே குதிரையில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றச் சொல்லும் அப்பா, போன் செய்தால் மறுநாள் வரும் என்னைப் போன்ற டாக்டர் என்று பட்டியல் நீளும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்குக் கொஞ்சமாகக் குதிரையின் மேல் ஏற்றிவிடுகிறோம், அவ்வளவுதான்.

அதனால்தான் தனித்தனியாகப் புத்தி சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். எல்லாரையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரு குதிரைக்குப் பக்கத்தில் நிற்க வைக்கவேண்டும். மீட்டிங் ஹாலில் உட்கார வைத்தால் பேச்சுதான் நடக்கும்.

முதலில் உருப்படியாக நடந்தது மணல் விஷயம். கடற்கரைக் குதிரைகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்துகொண்டிருந்தது. குதிரைக்கு வயிற்றுவலி சாதாரண விஷயமில்லை. அதற்கு வாந்தி எடுக்க வராது. குடல் நீளம், வளைவு அதிகம். ஒரு முறுக்கு விழுந்தால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தீனியைத் தரையில் கொட்டிப் போட்டால் புல்லோடும் தவிட்டோடும் மணலும் உள்ளே போய்ப் பெருங்குடலின் அடியில் தங்கும். வாரக்கணக்கில் சேர்ந்து ஒருநாள் வலியாக வெளியே தெரியும். இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "மேடம், மண்ணுல போட்டாதான் அது இஷ்டமா சாப்புடும்" என்றான் ஒரு தம்பி.

சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு கனமான பாலிதீன் பையில் புதிதாக விழுந்த சாணி உருண்டைகள் ஐந்தாறு போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். மண்ணில் பட்ட உருண்டையை எடுக்கக் கூடாது, மேலே இருப்பதைத்தான் எடுக்கவேண்டும். பையின் ஒரு மூலை கீழே தொங்கும்படி சேணக் கம்பத்தில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். கால் மணி நேரம் கழித்து வந்தால், அந்த மூலையில் சாம்பல் நிறத்தில் மணல் இறங்கியிருந்தது. ஒரு ஸ்பூன் இருந்தாலே கவனிக்கவேண்டும், இதில் ஒரு கை அளவு. அந்தத் தம்பி பையை வாங்கி விரலால் மூலையை நசுக்கிப் பார்த்தான். நரநரவென்றது. அவனே போய் மற்ற குதிரைகளின் சாணியையும் பையில் பிடித்துக் கட்டித் தொங்கவிட்டான். மாலைக்குள் கம்பம் முழுக்கப் பைகள்.

தீர்வு மலிவானது. நீல பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே அறுத்தால் இரண்டு தீனித் தொட்டி. அறுத்த விளிம்பை மட்டும் தேய்த்து மழுக்கவேண்டும், இல்லாவிட்டால் உதடு கிழியும். கீழே சிந்துவதையும் குதிரை நக்கும் என்பதால் தொட்டிக்கு அடியில் பழைய ஃபிளெக்ஸ் பேனர் விரித்தோம். சென்னையில் அதற்குப் பஞ்சமா! எந்தக் கட்சித் தலைவர் முகம் மேலே இருந்தாலும் குதிரை பாரபட்சம் பார்ப்பதில்லை. ஏற்கெனவே மணல் சேர்ந்திருந்த குதிரைகளுக்கு இசப்கோல் உமியைக் கிலோ எடைக்கு ஒரு கிராம் கணக்கில் ஒரு வாரம் கொடுத்தோம். அதாவது 250 கிலோ நாட்டுக் குதிரைக்கு நாளைக்குக் கால் கிலோ. மெடிக்கல் ஷாப்பில் சின்ன டப்பாவாக வாங்கினால் கட்டாது, மொத்தமாக வாங்கவேண்டும். ஏற்கெனவே வலியில் உருளும் குதிரைக்கு இதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அப்போது டாக்டர்தான் வேண்டும்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் குணமான குதிரைகள் மட்டுமில்லை. அன்றைக்குப் பிறகு நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். சட்டத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் அது நடந்திருக்காது.

அடுத்தது குளம்பு. குதிரைக் குளம்பு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, சமப்படுத்தி, மறுபடி அடிக்கவேண்டும். கடற்கரையில் லாடம் தானாக விழும்வரை விட்டுவிடுவார்கள். முன்பக்கம் நீண்டு, குதிகால் தாழ்ந்து, பாரம் முழுக்கக் காலின் பின்பக்கத் தசைநாணில் விழும். குதிரை நொண்டுவது எல்லாருக்கும் தெரியும்போது விஷயம் முற்றியிருக்கும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. குதிரையை உங்களை நோக்கி, கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து மெல்ல ஓடவிடச் சொல்லுங்கள். முன்கால் ஒன்றில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது இறக்கும். மணலில் இது சரியாகத் தெரியாது, சர்வீஸ் ரோட்டுக்குக் கூட்டிவரவேண்டும்.

சென்னையில் நல்ல லாடக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்கள் கை எப்போதும் பந்தயக் குதிரைகளுக்கே போதாது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மெரினாவுக்கு வந்து பாருங்கள் என்று கேட்டதற்கு முதலில் மாட்டேன் என்றார். "ஒரு குதிரைக்கு நான் வாங்குற கூலியை அவங்களால கொடுக்க முடியாது. ஓசியில செஞ்சா என் தொழிலுக்கு மரியாதை இல்ல" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இலவச முகாம் என்றால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், முகாம் முடிந்ததும் பழைய கதைதான். ஆகவே வேறு மாதிரி பேசினோம். குதிரைக்காரர்கள் ஆளுக்கு வாரம் ஒரு தொகை போட்டு ஒரு பொதுப் பணம் சேர்த்தார்கள். பாய் குறைத்த கூலியில் வேலை செய்தார். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே கடற்கரையில் லாடம் அடித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். அந்த இளைஞரை ஒதுக்கிவிட்டு நல்ல ஆளைக் கூட்டிவருவது சுலபம். அப்படிச் செய்திருந்தால் அவர் பிழைப்பும் போயிருக்கும், பாய் வராத வாரம் குதிரைக்கும் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

பாய் கற்றுக்கொடுத்த விதம் தனி. அரத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் குளம்பைத் தூக்கி மோந்து பார்க்கச் சொல்வார். அடியில் இருக்கும் மெத்தென்ற முக்கோணப் பகுதியின் ஓரப் பள்ளத்தில் அழுகல் வாடை அடித்தால், லாடம் அப்புறம், முதலில் சுத்தம். "ஆணி அடிக்க எவனும் கத்துக்குவான், எங்க அடிக்கக் கூடாதுன்னு கத்துக்க" என்பார்.

குழுவாகப் பணம் சேர்ப்பது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. புரூக் என்ற அமைப்பு 1934-ல் கெய்ரோவில் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் அங்கேயே கைவிடப்பட்ட ராணுவக் குதிரைகளுக்காக ஆரம்பித்தது. இந்தியாவில் அவர்கள் வடக்கே செங்கல் சூளைகளில் வேலை செய்யும் குதிரை, கோவேறு கழுதைகளுக்காக உரிமையாளர்களையே குழுக்களாகச் சேர்த்து, சிறுசேமிப்பும் தீனியை மொத்தமாக வாங்குவதும் பழக்கினார்கள். நம் ஊர் மகளிர் குழு மாதிரியேதான். எங்கள் குழுவும் அப்புறம் தீனிக்குள் இறங்கியது. கடற்கரையில் கோதுமைத் தவிடுதான் பிரதானம், மலிவு என்பதால். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், நாளடைவில் முகஎலும்பு வீங்கிவிடும். கால்சியம் நிறைந்த குதிரைமசால் என்ற பசுந்தீவனத்தை விவசாயி ஒருவரிடம் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லி வரவழைத்தபோது ஒருவருக்கு ஆகும் செலவு கட்டுப்படியானது. தனியாக ஒருவர் ஒரு கட்டு கேட்டால் எந்த விவசாயி வண்டி எடுத்து வருவார்?

பணக்காரத் தரப்பை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதுதான் நிறையப் பேர் கேட்பது. தர்மம் கேட்டால் ஒருமுறை கிடைக்கும். பந்தயக் குதிரை வைத்திருந்த ஒருவரிடம் நான் பேசியது நோயைப் பற்றி. 2008-ல் ஜம்முவின் கட்ராவில் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் 2009 வரை பல மாநிலங்களுக்குப் பரவியது. இன்ஃபுளுயன்சாதான், குதிரைகளுக்கு வருவது. இருமலில் பரவும். கல்யாண வண்டிக் குதிரையும் ரைடிங் ஸ்கூல் குதிரையும் ஒரே லாரியில் போகும் ஊரில், லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய குதிரைக்கு மட்டும் ஊசி போட்டால் போதுமா என்று கேட்டேன். அவர் தன் நண்பர்களிடம் பேசினார். இரணஜன்னி, அதாவது டெட்டனஸ், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் நோயில்லை; ஆனால் காய்ச்சலில் தொடங்கிய அந்தப் பேச்சில்தான் கடற்கரைக் குதிரைகளுக்கு அதன் தடுப்பூசிச் செலவை ஏற்றுக்கொள்ள ஆள் வந்தது. ஆணியும் புண்ணும் மண்ணும் சேர்ந்த தொழிலில் குதிரைக்கு இரணஜன்னி வந்தால் பிழைப்பது கஷ்டம், ஊசியோ மலிவு.

அதே வழியில் லாயங்களிலிருந்து பழைய கடிவாளங்களும் சேணமெத்தைகளும் ஒரு மூட்டை வந்தன. அதில் ஒரு சிக்கல். தரோபிரெட் வாய் அகலம், நாட்டுக் குதிரை வாய் குறுகல். பெரிய கடிவாளக் கம்பி சின்ன வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கி ஓரத்தைப் புண்ணாக்கும். ஒரு நூல்கயிற்றை வாய்க்குள் குறுக்கே விட்டு, இரண்டு உதட்டோரத்திலும் முடிச்சுப் போட்டு அளந்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் கூட்டி எடுத்தால் சரியான அளவு. அளந்து ஒரு பட்டியல் கொடுத்ததும் அடுத்த மூட்டையில் பொருத்தமானவை வந்தன. முள் கடிவாளம் கொண்டுவந்து கொடுத்தால் சாதாரணக் கடிவாளம் ஒன்று என்று மாற்றிக்கொடுத்தோம். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளிலேயே முள் கடிவாளம் தடை செய்யப்பட்டது. அதை வாயில் மாட்டியவர்கள் யாருக்கும் அது தெரியாது. "இது இல்லாட்டி குதிரை நிக்காது" என்றார்கள். பல குதிரைகளுக்கு நிற்காத காரணமே வாய்ப்புண்தான்.

சேணத்துக்குச் சின்னச் சோதனை ஒன்று சொல்கிறேன், குதிரை வைத்திருக்கும் யாரும் செய்யலாம். வேலை முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். வியர்வை ஒரே சீராகப் படிந்திருந்தால் நல்லது. நடுவில் அங்கங்கே காய்ந்த திட்டு இருந்தால் அந்த இடத்தில்தான் சேணம் அழுத்துகிறது. முதுகெலும்பின் மேல் எதுவும் படவே கூடாது, நடுவில் வெளிச்சம் தெரியவேண்டும். சேணம் தைப்பவரை ஒருநாள் கடற்கரைக்கே கூட்டிவந்து அந்தக் காய்ந்த திட்டுகளைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினோம். தான் தைத்த சேணத்தைக் குதிரை முதுகில் வைத்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்முறையாம்.

வார விடுமுறைதான் பெரிய ரகளை. ஒருவர் மட்டும் குதிரைக்கு ஓய்வு கொடுத்தால் அன்றைய வருமானம் பக்கத்துக் குதிரைக்குப் போகும். அதனால் யாரும் கொடுக்கமாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து கூட்டம் குறைவான செவ்வாய்க்கிழமையை லீவு விடலாம் என்று பேசினோம். இரண்டு வாரம் ஓடியது, மூன்றாவது வாரம் ஒருவர் குதிரையை இறக்கினார், சண்டை வந்தது. அப்புறம் அவர்களே வேறு ஏற்பாடு கண்டுபிடித்தார்கள். செவ்வாயில் பாதிப் பேர், புதனில் பாதிப் பேர். மணலில் எப்போதும் சில குதிரைகள் இருக்கும் என்பதால் வருகிற கூட்டமும் ஏமாறாது. நான் சொன்னதைவிட இது நல்ல யோசனை. ஞாயிறு மாலை யாரும் இதைப் பற்றிப் பேசக்கூட விடமாட்டார்கள், அது வேறு விஷயம்.

சாரட்டுக்காரர்களிடம் சட்டத்தைக் காட்ட முடிந்தது. அந்த 1965 விதிகளின்படி வண்டி இழுக்கும் விலங்கை ஒருநாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. 37 டிகிரி வெயில் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணிவரை கூடவே கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் சென்னையில் எந்த நாள் 37 தாண்டாமல் இருக்கிறது? வண்டிக்காரர்களுக்கு இதில் ஆட்சேபணை இல்லை, அவர்களுக்கும் வெயில்தான். முட்டுக்கட்டை, மண்டப வாசலில் மத்தியானமே போட்டோவுக்கு வண்டி நிற்கவேண்டும் என்று சொல்லும் ஈவென்ட் ஆட்கள். அவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசி, புக்கிங் ரசீதிலேயே நேரம், தண்ணீர், குதிரைக்குப் பக்கத்தில் வெடி வெடிக்கக் கூடாது என்று நாலு வரி அச்சடிக்க வைத்தோம். கல்யாண வீட்டுப் பெரியவரிடம் வண்டிக்காரர் வாயால் மறுக்க முடியாததை அந்த ரசீது மறுக்கிறது.

நடக்காதவையும் உண்டு. குதிரையோடு கூடவே போகும் மருத்துவ அட்டை ஒன்று அடித்தோம். விற்பவர் அதைக் கொடுப்பதே இல்லை, பழைய காயம் எழுதியிருந்தால் விலை குறையும் என்பதால். ரத்தப் பரிசோதனையும் இழுபறிதான். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும், அதற்கான ரத்த மாதிரி ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் வரை போகும். நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்யவேண்டும். அரசு இழப்பீடு உண்டு என்று சொன்னாலும், ஒரே குதிரையை வைத்துப் பிழைப்பவர் ரத்தம் எடுக்க எப்படிக் கழுத்தை நீட்டுவார்? எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி வயதான குதிரைகள். 2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு ரத்து செய்த பிறகு அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. வேலை செய்யாத குதிரைக்கும் தினம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி வேண்டும். அந்தச் செலவை வளர்த்தவர் தருவதா, ஓட்டியவர் தருவதா, கடைசியாக வாங்கியவர் தருவதா என்று கேட்டால் கூட்டத்தில் எல்லாரும் செருப்பைத் தேடுகிறார்கள்.

இப்போது பேச்சு காணும் பொங்கலைப் பற்றி. வருடத்திலேயே மெரினாவில் கூட்டம் அதிகமான நாள், குதிரைகளுக்கு மோசமான நாளும் அதுதான். பெரியவர்களை ஏற்றக் கூடாது, ஒரு குதிரையில் ஒரு பிள்ளைதான் என்பதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சேணத்தோடு சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றினால் குதிரை தாங்காது, நாட்டுக் குதிரைக்கு அது 50 கிலோதான். தண்ணீர் டிரம் வைக்க இடம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். சவாரிக் கட்டணத்தை எல்லாரும் ஒரே மாதிரி உயர்த்தினால் ரவுண்டு குறையும் என்று ஒரு தம்பி சொன்னான். இரண்டு முதலாளிகள் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த செவ்வாய் பாய் லாடம் அடிக்க வருகிறார், அவர்கள் குதிரைகளும் அன்றைக்குத்தான் வரிசையில் இருக்கின்றன. அங்கேயே வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.